கழுத்தில் நரம்புக் கட்டி எடுத்த பிறகு குரல் திரும்பவில்லை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை | மார்ச் 5

எல்லோருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. வயது 38. ஏழு வாரங்களுக்கு முன் இடது கழுத்தில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். நெல்லிக்காய் அளவில் கைக்குத் தட்டுப்பட்டது, மூன்று ஆண்டுகளில் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. வலி கிடையாது. அழுத்தினால் மட்டும் இருமல் வரும். எடுத்த பிறகு பயாப்ஸி முடிவில் ஷ்வானோமா என்ற நரம்புக் கட்டி, புற்றுநோய் இல்லை என்று வந்தது. வீட்டில் எல்லோரும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் தண்ணீர் கேட்டேன். நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. மயக்க மருந்துக்காகத் தொண்டையில் குழாய் போட்டதால் அப்படி இருக்கும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். இன்றைக்கு ஏழு வாரம். ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூன்று முறை மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. சிறு வயதில் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று அம்மா உச்சந்தலையில் தட்டுவார். இப்போதும் தட்டுகிறார், ஆனால் கை நடுங்குகிறது.

போன வாரம் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, இடது குரல்நாண் அசையவில்லை என்றார்கள். ‘காத்திருங்கள்’ என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை நாள் காத்திருப்பது? ஜூனில் பள்ளி திறக்கும்போது என்னால் வகுப்பு எடுக்க முடியுமா? சாதாரணக் கட்டி என்றுதானே எடுத்தார்கள்?

கொடைக்காற்று | மார்ச் 5

சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் இதே கட்டி, இதே கழுத்து, வேறு நரம்பு. உங்களுக்குக் குரலுக்கும் விழுங்கலுக்கும் போகும் வேகஸ் நரம்பாக இருக்க வேண்டும். எனக்குப் பரிவு நரம்புச் சங்கிலி என்று ஒன்று இருக்கிறது, கழுத்துத் தண்டுக்குப் பக்கத்தில் ஓடுவது, அதில் வளர்ந்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்தார்கள். குரல் தப்பித்தது. ஆனால் இடது கண் இமை கொஞ்சம் இறங்கிவிட்டது. அந்தக் கண்ணின் பாவை சிறுத்துவிட்டது. வெயிலில் நடந்தால் முகத்தின் வலது பாதி வியர்த்துக் கொட்டும், இடது பாதி பவுடர் போட்டது போலக் காய்ந்து கிடக்கும். ஹார்னர் கூட்டுக்குறி என்றார் மருத்துவர். 1869-ல் இதை விவரித்த சுவிஸ் கண் மருத்துவரின் பெயராம்.

அதோடு பழகிவிட்டேன். பழக முடியாமல் திணறியது வேறொன்று, அதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். முதலில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏழு வாரம் என்பது நரம்புக் கணக்கில் மிகக் குறைந்த காலம். இப்போதே நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள்.

நெல்மணி | மார்ச் 6

யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன். இது மருத்துவரின் தவறு. என் அண்ணனுக்குக் கழுத்தில் சின்ன அறுவைதான் நடந்தது. அன்றோடு தோள் இறங்கிப்போனது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. சட்டை மாட்ட அண்ணி வேண்டும். ‘அங்கே நரம்பு இருக்கும், அப்படித்தான் ஆகும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நரம்பு இருக்கும் என்று தெரிந்தவர்கள் அறுப்பதற்கு முன்னால் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? வழக்குப் போடுங்கள் அக்கா.

காதுமூக்குதொண்டை | மார்ச் 6

நான் 19 ஆண்டுகளாகக் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவராக இருக்கிறேன். நெல்மணியின் கோபம் நியாயமானது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஷ்வானோமா நரம்பின் உறையில் உள்ள ஷ்வான் செல்களிலிருந்து வளர்வது. பெரும்பாலும் புற்றாக மாறுவதில்லை. ஆனால் அது நரம்புக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டி கிடையாது, நரம்புக்குள்ளேயே பிறந்தது. வளர வளர, நல்ல நரம்பு இழைகளை ஓரத்துக்குத் தள்ளித் தன் மேல்தோலில் மெல்லிய நாடா போல விரித்துவிடும். கட்டியைத் தொட வேண்டுமானால் அந்த இழைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். இழைகள் விரியாத இடமாகப் பார்த்து மேல்தோலைக் கீறி, பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுப்பது போல உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கும் முறை இருக்கிறது. கட்டியை நரம்போடு சேர்த்து வெட்டி எடுப்பதைவிட இதில் நரம்பின் வேலை தப்பிக்கும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் உறுதி கிடையாது. வெட்டாமல், இழுக்காமல், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் என்னிடம் குரல் போன நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் முகம் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே வைகைக்கரை, நீங்கள் முதலில் கேட்க வேண்டியது உங்கள் அறுவைக் குறிப்பை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘கட்டி அகற்றப்பட்டது’ என்று மட்டும் இருக்கும், அது போதாது. நரம்பு அடையாளம் காணப்பட்டதா, அதன் தொடர்ச்சி காக்கப்பட்டதா, வெட்ட நேர்ந்ததா, வெட்டியிருந்தால் இணைத்துத் தைத்தார்களா என்பதெல்லாம் அறுவைக் குறிப்பில்தான் இருக்கும். உங்கள் காத்திருப்புக் காலம் அந்த ஒரு தாளைப் பொறுத்தது.

நரம்பு வெறுமனே அதிர்ந்திருந்தால் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் விழித்துக்கொள்ளும். உள்ளிழைகள் அறுந்து உறை மட்டும் தப்பியிருந்தால் அவை மறுபடி வளர வேண்டும். வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். இடது குரல்நாணுக்குப் போகும் நரம்பின் பாதை விசித்திரமானது. வேகஸ் நரம்போடு கழுத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கி, மகாதமனி வளைவைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறிக் குரல்வளைக்கு வருகிறது. கால் மீட்டருக்கும் அதிகமான பயணம். வலது பக்கத்தில் கழுத்தின் அடியிலேயே திரும்பிவிடும். உங்களுக்கு இடது பக்கம் என்பதால் 9 மாதம், ஓராண்டு என்று ஆகலாம். திரும்ப வளரும் இழைகள் சரியான தசையைத் தேடிப் போய்ச் சேரும் என்பதும் நிச்சயமில்லை. நரம்பு முழுதாக வெட்டப்பட்டிருந்தால் அசைவு திரும்பும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

இன்னொன்று. அசைவு திரும்புவது வேறு, குரல் திரும்புவது வேறு. அசையாத நாண் நடுவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால், அடுத்த பக்கத்து நாண் கொஞ்சம் தாண்டி வந்து அதைத் தொட்டுக்கொள்ளும். பேச அது போதும்.

காய்ச்சல், மஞ்சள் சளி, மூச்சு வாங்கல் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். புரையேறி நுரையீரலுக்குள் போவதால் நிமோனியா வரலாம். இதில் மட்டும் காத்திருக்கக் கூடாது.

வைகைக்கரை | மார்ச் 6

டாக்டர், ஏழு வாரத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. இரண்டு முறை படித்து, என் கணவரையும் படிக்கச் சொன்னேன். நாளைக்கே அறுவைக் குறிப்பைக் கேட்கிறேன். கொடுப்பார்களா?

சட்டப்படி | மார்ச் 6

கொடுத்தாக வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவருடைய பிரதிநிதியோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

நெல்மணிக்கு: பின்விளைவு வந்ததாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. நீதிமன்றமும் அப்படிப் பார்ப்பதில்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் விட்டது தனியான குறை. சமிரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிகிச்சையின் தன்மை, அதற்கு மாற்று என்ன, கணிசமான ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கிய பிறகு பெறும் ஒப்புதல்தான் ஒப்புதல். உங்கள் அண்ணன் கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

வைகைக்கரை | மார்ச் 6

என் படிவம் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் இருந்தது. அறுவை அன்று காலை ஆறு மணிக்கு, கையில் ஊசி ஏறியிருக்கும்போது நீட்டினார்கள். நானும் கையெழுத்திட்டேன்.

ஒலிப்பயிற்சி | மார்ச் 7

நான் பேச்சு, விழுங்கல் பயிற்சி அளிப்பவள். இதுவரை உங்களை யாரும் எங்களைப் போன்றவர்களிடம் அனுப்பவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் தண்ணீர். நீர்த்துப்போன எதுவும் வேகமாக ஓடும். குரல்நாண்கள் கதவு போல மூடுவதற்குள் உள்ளே நழுவிவிடும். கொஞ்சம் கெட்டியாக இருந்தால் மெதுவாக இறங்கும். ஒன்று கவனித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், கஞ்சி குடித்தால் உங்களுக்குப் புரையேறாது, தண்ணீர்தான் ஏறும். சரிதானா? கேழ்வரகுக் கூழ், நொய்க் கஞ்சி, கெட்டித் தயிர் இவையெல்லாம் இப்போதைக்கு உங்களுக்கு உதவும். தண்ணீரை அண்ணாந்து குடிக்கவே கூடாது. நம் வீடுகளில் செம்பைத் தூக்கி ஊற்றிக் குடிக்கும் பழக்கம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். சிறு டம்ளரில், முகவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி, ஒரு மிடறு மட்டும். பலருக்கு, பாதிக்கப்பட்ட பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு விழுங்கினால் இன்னும் எளிதாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பக்கத்து வழி மூடி, நல்ல பக்கம் வழியாக இறங்கும். இதை ஒரு பயிற்சியாளர் முன்னால் செய்து பார்த்த பிறகு வீட்டில் செய்யுங்கள், எல்லோருக்கும் ஒன்றே பொருந்தாது.

குரலைப் பொறுத்தவரை, கிசுகிசுத்துப் பேசாதீர்கள். அது ஓய்வு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கத்தியும் இழுக்காதீர்கள். கழுத்துத் தசைகளை முறுக்கிப் பேசப் பழகிவிட்டால், நரம்பு திரும்பிய பிறகும் அந்த முறுக்கு போகாது.

வைகைக்கரை | மார்ச் 7

கஞ்சியைப் பற்றி நீங்கள் சொன்னது அப்படியே சரி. எனக்குக் காரணம் தெரியாமல் இருந்தது.

கொடைக்காற்று | மார்ச் 9

முன்பு சொன்னதை இப்போது எழுதுகிறேன். இதைத் தேடி அலைந்தபோது தமிழில் ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை. இனி தேடுகிறவருக்குக் கிடைக்கட்டும்.

அறுவை முடிந்து ஆறாம் நாள். அதுவரை இட்லியும் பாலுமாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் வாய்க்கு ருசியாக என்று மனைவி புளிக்குழம்பு வைத்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் இடது காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில், யாரோ கொறடாவால் பிடித்து முறுக்கியது போல ஒரு வலி. கண்ணில் நீர் வந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டேன். கால் நிமிடம் இருக்கும். விட்டுவிட்டது. இரண்டாம் கவளத்தில் பாதி வலி. நான்காவது, ஐந்தாவது கவளத்தில் ஒன்றுமே இல்லை. சாப்பிட்டு முடித்துவிட்டேன். இரவு உட்கார்ந்தால் மறுபடி முதல் கவளத்தில் அதே முறுக்கல்.

பல் மருத்துவரைப் பார்த்தேன். கடைவாய்ப் பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தார், ஒன்றும் இல்லை. ஒருவர் தாடை மூட்டு என்றார். ஒருவர் மனம் என்றார். ஐந்து மாதம் கழித்து வேறு ஊர் மருத்துவர் ஒருவர், ‘முதல் வாயில் மட்டும்தான் வலிக்கிறதா?’ என்று கேட்டார். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ‘முதல் கடி வலி’ என்று இதற்குப் பெயரே இருக்கிறது. காதடி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் பரிவு நரம்பு போய்விட்டால், மற்றொரு வகை நரம்பின் தூண்டலுக்குச் சுரப்பி மிதமிஞ்சி இறுகிவிடுகிறது என்பது விளக்கம். புளிப்பு என்றால் அதிகம். எனக்கு ஆவக்காய் ஜாடியைத் திறந்தாலே, வாயில் வைக்கும் முன்பே, இழுக்கும்.

நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை கொடுத்தார், பாதி குறைந்தது. சுரப்பிக்குள் போடாக்ஸ் ஊசி போடலாம் என்றும் சொன்னார், எனக்கு அது தேவைப்படவில்லை. நானே கண்டுபிடித்த வழி, சாப்பாட்டுக்கு முன் உப்போ புளிப்போ இல்லாத வெறும் சோறு இரண்டு வாய், மெதுவாக, நல்ல பக்கத்தில் மென்று. முதல் கவளத்தை அப்படிச் செலவழித்துவிட்டால் பிறகு குழம்பு ஊற்றிக்கொள்ளலாம். ஒன்றரை ஆண்டில் பெருமளவு தணிந்துவிட்டது.

ஐந்து மாதம் மனநோய் என்று நம்பியதுதான் எனக்கு ஆறவில்லை.

காதுமூக்குதொண்டை | மார்ச் 9

கொடைக்காற்று எழுதியதை என் உதவி மருத்துவர்களுக்குப் படித்துக் காட்டினேன். நாங்கள் பாடப் புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்தது இது. அந்த இமைக்கு ஒரு செய்தி: ஆப்ராக்ளோனிடின் என்ற சொட்டு மருந்து சிலருக்கு இமையைத் தற்காலிகமாக ஒரு மில்லிமீட்டர் அளவு தூக்கும். நிலையாக வேண்டுமானால் சிறு இமை அறுவை உண்டு. கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

தென்னந்தோப்பு | மார்ச் 12

என் அப்பாவுக்கு 74 வயது. கழுத்தில் இதே கட்டி. எம்ஆர்ஐ பார்த்த மருத்துவர், கழுத்துத் தமனிக்கும் சிரைக்கும் நடுவில் புகுந்து இரண்டையும் பிரித்துத் தள்ளியிருப்பதைத் திரையில் காட்டி, வேகஸ் நரம்பாக இருக்கும் என்றார். பரிவு நரம்பாக இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே பக்கமாகத் தள்ளும் என்றார். ‘எடுத்தால் குரல் போகலாம், விழுங்கச் சிரமம் வரலாம். எடுக்காவிட்டால் மெதுவாக வளரும். ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்போமா?’ என்று கேட்டார். அப்பா தினமும் மாலையில் திருவாசகம் ஓதுகிறவர். ‘கட்டி இருந்துவிட்டுப் போகட்டும்’ என்றார். மூன்று ஸ்கேன் ஆகிவிட்டது, பெரிய மாற்றம் இல்லை. எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் எடுக்காமல் இருப்பதும் ஒரு வழி என்று எங்களுக்குச் சொன்னார்கள். வைகைக்கரை சகோதரிக்கு யாரும் சொல்லவில்லை என்பது மனதை அறுக்கிறது.

ஆரணித்தறி | மார்ச் 15

ஐயா, புதிதாக வந்திருக்கிறேன். பட்டு நெசவு. வயது 41. வலது காறை எலும்புக்கு மேலே கட்டி. அதைத் தட்டினால் கட்டைவிரல் வரை மின்சாரம் பாய்வது போல் இருக்கிறது. கைக்குப் போகும் நரம்புக் கற்றையில் ஷ்வானோமா என்கிறார்கள். ஓராண்டில் இரண்டு மடங்கு ஆகிவிட்டது, இரவில் வலி தூங்க விடவில்லை. ஏப்ரலில் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்த உரையாடல் முழுதும் படித்தேன். எனக்குக் குரல் போனாலும் பரவாயில்லை. கை போனால் என்ன செய்வேன்?

காதுமூக்குதொண்டை | மார்ச் 15

தம்பி, வளர்கிறது, வலிக்கிறது என்றால் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அதே மருத்துவமனையில், நரம்புக் கற்றை அறுவையில் பழகியவர்தான் செய்கிறாரா என்று கேளுங்கள். எங்கள் துறையை விட நரம்பியல் அறுவை அல்லது ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) பிரிவினருக்கு இது அதிகப் பழக்கம். அறுவையின்போது நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கருவி வைத்திருப்பார்களா என்று கேளுங்கள். கருவியால் தொட்டு, தோளோ முழங்கையோ அசைந்தால் அது உயிருள்ள இழை, அங்கே கீற மாட்டார்கள். அதற்காகத் தசையைத் தளர்த்தும் மருந்தை மயக்க மருத்துவர் அந்த நேரத்தில் குறைத்து வைத்திருக்க வேண்டும். நெசவாளர் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். எந்த விரலுக்கு என்ன வேலை என்று கையால் செய்து காட்டுங்கள். எத்தனை நோயாளிகள் இதைச் சொல்லாமலேயே மேசையில் படுத்துவிடுகிறார்கள் தெரியுமா?

நெல்மணி | மார்ச் 16

அண்ணனின் குறிப்பு வந்துவிட்டது. தோளைத் தூக்கும் தசைக்குப் போகும் துணை நரம்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இயன்முறை சிகிச்சையாவது தொடங்கலாம் என்று ஒலிப்பயிற்சி அக்கா தனிமடலில் சொன்னார், தொடங்கிவிட்டோம். கோபம் போகவில்லை.

வைகைக்கரை | ஏப்ரல் 2

அறுவைக் குறிப்பில் ‘நரம்பின் தொடர்ச்சி காக்கப்பட்டது’ என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு அழுதேன். வேறு மருத்துவர் ஒருவர் காத்திருக்கும் காலத்துக்கென்று குரல்நாணில், அதைப் பருமனாக்கி நடுவுக்குக் கொண்டுவரும் ஹயலூரானிக் அமில ஊசி போட்டார். சில மாதங்களில் கரைந்துவிடுமாம், அதற்குள் நரம்பு வந்தால் வரட்டும் என்றார். வராவிட்டால், ஜப்பானைச் சேர்ந்த இஷிகி என்ற மருத்துவர் 1974-ல் வகுத்த முறையில், குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு சன்னல் வெட்டி, உள்ளே ஒரு துண்டு வைத்து நாணை நடுவுக்குத் தள்ளலாமாம். நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டே இருக்க, குரலைக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்வார்களாம்.

ஊசி போட்டதும் ‘ஒன்று முதல் பத்து வரை சொல்லுங்கள்’ என்றார். ஒரே மூச்சில் ஏழு வரை வந்தது. கரகரப்புத்தான், ஆனால் என் குரல். அன்று இரவு ஒரு டம்ளர் தண்ணீரை முகவாயைத் தாழ்த்திக்கொண்டு குடித்தேன். இருமல் இல்லை. அம்மா கை ஓங்கியபடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஜூனில் ஒலிபெருக்கி ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு போகலாம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார்.

ஆரணித்தறி | ஜூன் 19

ஐயா, அக்கா, அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஏப்ரல் கடைசியில் அறுவை முடிந்தது. தேதி கொடுத்த இடத்தை மாற்றிக்கொண்டேன், நரம்புக் கருவி இருந்த இடத்துக்குப் போனேன். முதல் நாள் மாலை மருத்துவரிடம் என் கையைக் காட்டி, நாடா எறிவதையும் இழை பிணைப்பதையும் செய்து காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகலாம், தோள் சில மாதம் பலமிழக்கலாம் என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்கினார். படிவம் தமிழில் இருந்தது.

அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. தோளை முழுதாகத் தூக்க முடியவில்லை, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் ஏறுகிறது. இரவு வலி அடியோடு போய்விட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் மரத்தே இருக்கின்றன, சூடு தெரியவில்லை, நூலும் தெரியவில்லை.

நேற்றுத் தறியில் உட்கார்ந்தேன். பாவில் ஓர் இழை அறுந்தது. முன்பெல்லாம் பேசிக்கொண்டே, பார்க்காமலே பிணைப்பேன். நேற்று விளக்கைக் கிட்டே இழுத்து வைத்து, விரல்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன். கால் மணி நேரம் ஆயிற்று. இழுத்துப் பார்த்தேன், நின்றது.